பத்தியம் இல்லாத வைத்தியம்

கரண்ட் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தியாகதுருகத்தில் என் வீட்டைத் தேடி வந்து, வலிக்குமா, முடி கொட்டுமா, எத்தனை நாள் ஆகும், என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தோதுப்படவில்லை. அதனால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களே பதில் சொல்லிவிடுவார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

நான் பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற தனியார் வண்டியில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். என் குரலுக்கு ஒரு பேர் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று ‘வெள்ளிமலே, வெள்ளிமலே’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் டீக்கடையில் இருக்கிறவன் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட்டால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். நான் இறங்கி நின்று ‘வா, வா, ஓரம் இருக்குது, வா’ என்பேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் குரலை நம்பி வண்டியை எடுப்பார். அறுபது பேர் உயிர் அந்தக் குரலில் இருந்தது என்று நான் பீற்றிக்கொள்வது உண்டு.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருஷங்கள் அவை. அப்போதுதான் எனக்குத் தொண்டை கட்டியது. கத்துகிறவனுக்குத் தொண்டை கட்டாமல் யாருக்குக் கட்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன். மிளகும் பனங்கற்கண்டும் மென்றேன். பீடியைக் குறைத்தேன், விடவில்லை. மூன்று மாதம் கழித்து ஒருநாள் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணே, நீ சொல்றது இன்னான்னே எனக்குக் கேக்கல. ஒரு வாரமா கண்ணாடியப் பாத்துத்தான் பின்னால எடுத்துக்கினு இருக்கேன்” என்றார்.

பயம் அன்றைக்குத்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை விளக்கில் சுட வைத்து, என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, உள்ளே விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த சீட்டோடு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பேர் இங்கே வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே தொண்டைக்குள் குழாய் விட்டு ஒரு துளி சதை கிள்ளி எடுத்தார்கள். அந்தச் சதையைச் சோதித்துச் சொல்ல ஒன்பது நாள் ஆனது. வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்தக் கதவு திறந்தால் எந்தச் சத்தம் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் புற்று என்றார்கள். குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருந்தது.

பெரிய டாக்டர் வடக்கத்திக்காரர். தமிழில் ‘வாயைத் திற’, ‘மூடு’ இரண்டும்தான் தெரியும். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் மச்சான் ஏழுமலைதான் எங்களுக்குச் சொன்னான். வழி இரண்டு. முதல் வழி கதிர் வைப்பது. ஜனங்கள் அதைத்தான் கரண்ட் வைக்கிறது என்கிறார்கள். அதில் மின்சாரம் எதுவும் உடம்பில் பாய்வதில்லை, கோபால்ட் என்ற பொருளிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கதிர் அது. ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் வைக்க வேண்டும். கட்டி கரைந்துவிட்டால் குரல் தப்பும். கரையவில்லை என்றால் இரண்டாவது வழி. குரல்வளையையே அறுத்து எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை வைத்துவிடுவார்கள். உயிர் இருக்கும், பேச்சு இருக்காது.

கதிர் முடிகிற வரைக்கும் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பேசவே கூடாது என்றும் டாக்டர் சொன்னார். அப்படித்தான் ஏழுமலை என் வாயாக ஆனான்.

ஏழுமலை என் பெண்டாட்டி பச்சையம்மாளின் தம்பி. நைனார்பாளையத்துக்காரன். படிப்பில் கெட்டிக்காரன், டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று பிளஸ் டூவில் ராப்பகலாகப் படித்தவன். கொஞ்சம் மார்க்கில் சீட்டுப் போய்விட்டது. அப்புறம் காலேஜில் ஏதோ சேர்ந்து, அதையும் முடிக்காமல், கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்றான். ‘நமக்குன்னு ஒதுக்கி இருந்தா நான் இந்நேரம் இன்னாவா இருப்பேன் தெரியுமா மாமா’ என்று ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவான். ஊர்வலத்தில் முதல் வரிசையில் நிற்பான். அவன் கேட்டதில் தப்பே கிடையாது. என் பிள்ளைபோல வளர்ந்தவன், எனக்காகக் கடை வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து கிடந்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கதிர் வைக்கிற அறையைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் இரண்டு பக்கமும் ஊதா மையில் கட்டம் போடுவார்கள், அது அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேஜையில் படுக்க வைத்து, தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் பையை முட்டுக் கொடுப்பார்கள். பிறகு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். சுவர் கனத்துக்கு இருக்கிற கதவு மூடும். வலியே கிடையாது, சூடு கிடையாது, ஒரு முனகல் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே இருக்கிற அத்தனை பேரும் எதற்குப் பயந்து ஓடினார்களோ அதற்கு முன்னால் நான் மட்டும் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன் என்ற நினைப்புத்தான் வலி. இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். முதல் வாரம் முடிந்தபோது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன்.

பச்சையம்மாளுக்கு ஒரே ஒரு குறை. முதல் நாளே வார்டு நர்ஸ் ரீட்டா சிஸ்டரைப் பிடித்துக் கேட்டுவிட்டாள்.

“இதுக்கு இன்னா பத்தியம் சிஸ்டர்?”

“பத்தியம் ஒண்ணும் கிடையாதும்மா. காரம் மட்டும் குறைச்சுக்குங்க. முட்டை, பால், கீரை, பழம் எல்லாம் கொடுங்க. உடம்பு இளைக்காம பாத்துக்குங்க, போதும்.”

பச்சையம்மாள் முகம் விழுந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்து என்னிடம் பொருமினாள்.

“பத்தியம் இல்லாத வைத்தியம் ஒரு வைத்தியமாங்க? மஞ்சக்காமாலைக்கு எங்க ஊர்ல வேர அரச்சிக் குடுத்தாகூட உப்பு கூடாது புளி கூடாதுன்னு நாப்பது நாளைக்குச் சொல்லுவாங்க. இவ்ளோ பெரிய வியாதி, எத வேணா துன்னுங்கறாளே இந்தப் பொம்பள.”

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மருந்து பாதி, பத்தியம் பாதி. மருந்து கொடுப்பது வைத்தியன் வேலை, பத்தியம் காப்பது வீட்டுக்காரி வேலை. பத்தியம் இல்லை என்று சொன்னால், உனக்கு இங்கே வேலை இல்லை என்று அவளைப் பார்த்துச் சொன்ன மாதிரி. கட்டிலுக்கு அடியில் வெறும் தரையில் படுத்து, நான் இருமினால் எழுந்து, ஈரத்துணியால் என் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது போதவில்லை.

அவள் மனக்குறையை ஏழுமலை தீர்த்து வைத்தான். ஒருநாள் பெரிய தகர டப்பா ஒன்றோடு வந்தான். வெள்ளிமலையில் வாங்கிய மலை நெல்லிக்காயை வற்றல் போட்டு இடித்த பொடி. அதில் மருந்துக் கடையிலிருந்து கொண்டுவந்த வைட்டமின் மாத்திரைகளையும் கைநிறையப் போட்டு இடித்துக் கலந்திருந்தான்.

“கதிரு கெட்ட செல்ல மட்டும் சுடாது மாமா, பக்கத்துல இருக்கற நல்ல செல்லையும் சேத்துச் சுடும். இந்தச் சத்து இருக்குதே, அது நல்ல செல்லுக்குக் குடை புடிக்கிற மாதிரி. நான் படிச்சிட்டுத்தான் சொல்றேன்” என்றான்.

கூடவே பத்தியமும் வந்தது. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வேளை, அடுப்பு அணைந்த பிறகு ஒரு வேளை. பச்சையம்மாளுக்கு உயிர் வந்துவிட்டது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நெல்லிக்காய் என்றால் எனக்கு உயிர். மலையிலிருந்து கூடை கூடையாக ஏற்றி வருகிறவர்கள் என் டிக்கெட் பையில் நாலு காய் போடாமல் இறங்க மாட்டார்கள். எந்தக் காய் எந்தக் காட்டுக் காய் என்று கடித்துப் பார்த்தே சொல்வேன்.

மூன்றாவது வாரம் கதிர் தன் முகத்தைக் காட்டியது. வாய்க்குள் புண், எச்சில் பசை மாதிரி ஆகி அப்புறம் அதுவும் வற்றிப்போனது. நாக்கு செத்துவிட்டது. பாலும் மோரும் களியும் எல்லாம் ஒரே களிமண். அந்தப் பொடியை வாயில் போட்டால் பச்சைப் புண்ணில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி எரிந்தது. டாக்டர் பார்க்க வந்தபோது நானே டப்பாவை எடுத்து நீட்டினேன். நம் மச்சான் எவ்வளவு விவரம் தெரிந்தவன் என்று அவரும் பார்க்கட்டுமே என்ற பெருமை. டாக்டர் டப்பாவை முகர்ந்தார். ஏழுமலையைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். அவன் பதில் சொன்னான். அவர் இன்னொன்று கேட்டார், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் போனதும், என்ன சொன்னார் என்று சைகையில் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மாமா. நல்லதுதான், காரம் புளிப்பு கம்மி பண்ணிக்கச் சொல்றாரு” என்றான்.

அப்படியென்றால் இந்தப் பொடியை விட்டுவிடுவோம், எரிச்சல் தாங்கவில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவன் பச்சையம்மாளைப் பார்த்தான். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். “சரிங்க, வேணாம்னா உட்டுடலாம்” என்றாள். டப்பா கண்ணில் படாமல் போனது. அன்றிலிருந்து மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சிதான். பச்சையம்மாள் ஆற்றி ஆற்றிக் கரண்டியால் ஊட்டுவாள். கொஞ்சம் எரிந்தது, வாய் நிறையப் புண் இருந்தால் எது போட்டாலும் எரியும்தானே என்று நானும் அந்தக் களிமண்ணைச் சமர்த்தாக விழுங்கினேன். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்து ஒருநாள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

சனி ஞாயிறு கதிர் கிடையாது. நாலாவது வாரக் கடைசியில் அரிசி, துணிமணி எடுத்து வர மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். திங்கட்கிழமை காலையில் இட ஒதுக்கீடு கேட்கிறவர்கள் சாலையை மறித்துவிட்டார்கள். தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புளிய மரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு வண்டி நகரவில்லை. பதினாறு வருஷம் பஸ்ஸில் வாழ்ந்தவன் பஸ் இல்லாத சாலையில் நடந்து போய் நின்றேன். கதிர் ஒருநாள்கூட விடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களிடம் கழுத்தில் இருந்த ஊதாக் கட்டத்தைக் காட்டினேன்.

“இன்னாண்ணே, கழுத்துல வூட்டு மனைக்குப் பிளான் போட்டுக்கினு இருக்கீங்களா?” என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆம்புலன்சை விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நடந்து வந்து நிற்கிறவனை யார் ஆம்புலன்ஸ் கேஸ் என்று நம்புவார்கள்? அந்தக் கும்பலில் ஏழுமலையும் இருந்தான். என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டி வந்தான். “நாளைக்கி உட்டுடுவாங்க மாமா” என்று தினமும் சொன்னான். ஐந்து நாள் கதிர் போய்விட்டது.

வழி திறந்த அன்றைக்கே போலீஸ் வீடு வீடாகத் தேட ஆரம்பித்தது. ஏழுமலை கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டான். வெள்ளிமலைப் பக்கம் யார் காட்டிலோ இருக்கிறான் என்று மட்டும் தகவல் வந்தது. அதனால் ஆஸ்பத்திரிக்கு நானும் பச்சையம்மாளும்தான் திரும்பினோம். என் வாய் மலையில் ஒளிந்துகொண்டிருந்தது. டாக்டர் அறைக்குள் முதல் தடவையாக நான் தனியாகப் போனேன்.

டாக்டர் கோபமாக என் கேஸ் நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தைத் தட்டித் தட்டிப் பேசினார். ரீட்டா சிஸ்டர் தமிழில் சொன்னார்.

“அஞ்சு நாள் போனதுக்குக் கடைசியில சேர்த்து வைக்கிறோம்னு சொல்றார். அந்தச் சூரணத்தை நிறுத்திட்டீங்களான்னு கேக்கிறார்.”

பேசக் கூடாது என்பதையும் மறந்து, எந்தச் சூரணம் என்று கேட்டேன். என் குரல் கோழி கேருகிற மாதிரி வந்தது.

“நெல்லிப் பொடி, மாத்திரையெல்லாம் கலந்தது. மூணாவது வாரமே எழுதியிருக்கே. உடனே நிறுத்தணும்னு உங்க மச்சான்கிட்ட சொன்னதா டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

அவர் அப்படியா சொன்னார் என்றேன். சிஸ்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். அதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“கதிர் உள்ள போனா நம்ம உடம்புல இருக்கிற தண்ணியை உடைக்குது. உடைஞ்ச துண்டு இருக்கே, அது சும்மா இருக்காது, பக்கத்துல இருக்கிற செல்லைப் போய்க் கெடுக்கும். கட்டி பாதி சாகிறதே அதாலதான். நல்ல செல் புண்ணாகிறதும் அதாலதான். நெல்லிக்காய்ல, கீரையில, பழத்துல இருக்கிற சத்து அந்தத் துண்டுகளை அடக்கும். உங்க மச்சான் சொன்னது பொய் இல்லை. ஆனா அந்தச் சத்துக்கு நல்ல செல் எது, கட்டி எதுன்னு எப்படித் தெரியும்? அதையும் சேர்த்துக் காப்பாத்திட்டா? சாப்பாட்டுல சாதாரணமா வர்றது வரட்டும், அது உடம்புக்கு வேணும். இப்படி அள்ளி அள்ளிப் போடறது வேணாம், கதிர் முடியற வரைக்குமாவது. இதுல டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்கு. சந்தேகம் இருக்கிற இடத்துல எதுக்கு விளையாட்டு?”

எனக்குச் சட்டென்று புரிந்தது. டிக்கெட் வாங்கினவனா வாங்காதவனா என்று பார்க்காமல் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிற கண்டக்டர் அந்தப் பொடி. ஏழுமலை மேல் கோபம் வந்தது. ஆனால் அதற்குமேல் ஒரு நிம்மதி. நான்தான் அதை மூன்றாவது வாரமே விட்டுவிட்டேனே. எரிச்சலுக்காக விட்டேன், அதுவே என்னைக் காப்பாற்றிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அன்றைக்கே நிறுத்திவிட்டேன் சிஸ்டர் என்றேன்.

இப்படி எத்தனையோ வீட்டுக்காரர்களைப் பார்த்தவர் சிஸ்டர், என் முகத்தையே பார்த்தார். பிறகு என்னோடு வார்டுக்கு வந்தார். பச்சையம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒரு மூடி கொடுங்கம்மா, குடிச்சுப் பார்க்கலாம்” என்றார்.

“ஐயோ, இது உப்பு சப்பு இல்லாம இருக்குது சிஸ்டர், உங்களுக்கு வேணாம்.”

“பரவாயில்ல, கொடுங்க.”

தூக்குவாளி மூடியில் கொஞ்சம் ஊற்றி வாங்கி, ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. என்னைப் பார்த்தார்.

“துவர்ப்பும் புளிப்புமா இருக்கே. இது உங்களுக்குத் தெரியலையா?”

எனக்குத் தெரியவில்லை. என் வாயில் இருப்பது என்ன என்று இன்னொருத்தர் குடித்துப் பார்த்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உள்ளங்கை நெல்லிக்கனி என்பார்கள். என் நெல்லிக்கனி கேழ்வரகுக் கஞ்சியில் கரைந்து கறுப்போடு கறுப்பாகக் கிடந்தது. எந்தக் காட்டுக் காய் என்று சொல்கிற நாக்கு, ஒரு நாளைக்கு மூன்று வேளை அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது.

சிஸ்டர் பச்சையம்மாளைத் திட்டவில்லை. “டாக்டர் வேணாம்னு சொன்னது உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். தெரியாது என்று சொல்லியிருந்தால், தெரிந்தே சொன்ன பொய்யாக இருந்தாலும், நம்பியிருப்பேன்.

“ஏழுமல சொல்லிச்சி” என்றாள் பச்சையம்மாள். “அந்த டாக்டருக்கு நம்ம மலைக் காயப் பத்தி இன்னா தெரியும் சிஸ்டர்? வூட்டுக்காரி நான் பாத்துக்கினு சும்மா இருக்க முடியுமா?”

ஏழுமலையின் பொய் எனக்கு ஒரு கத்திக் கீறல் என்றால், இது வேறு. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் எத்தனையோ பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறேன். பயிருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து நானே எழுந்து போய் ஆஸ்பத்திரி ரொட்டியும் பாலும் வாங்கிக் குடித்தேன். அவள் கொண்டு வந்ததைத் தொடவில்லை. அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். மீதிக் கதிர் அப்படியே முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது, போகவில்லை. சதை எடுத்துப் பார்த்ததில் உயிரோடு இருந்தது. இனி இரண்டாவது வழிதான் என்றார்கள்.

நான் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பொடியாலா, போன ஐந்து நாளாலா? அவர் வெகு நேரம் யோசித்துச் சொன்னதைச் சிஸ்டர் எனக்குச் சொன்னார்.

“சொல்ல முடியாதுங்கறார். அஞ்சு நாள் விட்டதால இருக்கலாம். பொடியா இருக்கலாம். ரெண்டும் இல்லாமயே சிலருக்குக் கரையாது. பீடியை விட்டீங்களான்னும் கேக்கிறார்.”

ஒரு பதில் கிடைத்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பொடிதான் என்று சொல்லியிருந்தால் அவர்களை வெறுத்திருப்பேன், பொடி இல்லை என்றால் மன்னித்திருப்பேன். இரண்டுக்கும் வழி இல்லாமல் செய்துவிட்டார்கள். என்னைக் கேட்காமல் என் உடம்பில் ஒரு சந்தேகத்தைக் கலந்துவிட்டார்கள், அதைப் பிரித்து எடுக்க இனி எந்த டாக்டராலும் முடியாது. இதை நான் இன்னும் தாங்கிக்கொள்ளவில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ஏழுமலை வந்தான். கேஸெல்லாம் ஓய்ந்து மலையிலிருந்து இறங்கியிருந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அந்தாளு அன்னிக்கி இன்னா கேட்டாரு தெரியுமா மாமா? நீ இன்னா டாக்டரான்னு கேட்டாரு. மருந்துக் கடையில பொட்டலம் மடிக்கிறவனுக்கு இது எதுக்குன்னாரு. அத்த வந்து உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்? என் கையால உங்களுக்குச் சரியாயிட்டா அந்தாளு மூஞ்சில போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. அவனுக்குப் பட்ட அவமானமும் புரிந்தது. சீட்டுக் கிடைக்காத கோபத்தை அவன் சாலையில் மரமாகப் போட்டான், சரி. என் தொண்டையிலும் எதற்குக் கொண்டுவந்து போட்டான்? அவன் எழுந்து வராந்தாவுக்குப் போனான்.

ரீட்டா சிஸ்டர் வந்து, “நாளையிலிருந்து குரல் இருக்காதுண்ணா. யார்கிட்டயாவது ஏதாவது பேசணும்னா இப்பவே பேசிடுங்க” என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினார். பச்சையம்மாளும் நானும் மட்டும் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் உங்களக் கொல்லணும்னா செஞ்சேன்? ஒரு வார்த்த, பச்ச பரவால்லன்னு உங்க வாயால சொல்லிடுங்க. அப்பால ஆயுசுக்கும் நான் அத்த வச்சிக்கினு இருந்துடுவேன்.”

சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தைதான். அவள் கட்டில் அடியில் தரையில் படுத்த அத்தனை ராத்திரியும் என் கண் முன்னால் வந்தது, அந்தக் கஞ்சியும் கூடவே வந்தது.

“அக்காவும் தம்பியும் என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

“ஆமா” என்றேன்.

அவள் இன்னும் ஏதாவது வரும் என்று வெகு நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். காலையில் வெள்ளைத் துணி மாற்றிக் கூட்டிப்போனார்கள்.

உயிர் பிழைத்துவிட்டேன். கழுத்தில் ஓட்டை இருக்கிறது, மேலே மெல்லிசுத் துணி கட்டிக்கொள்கிறேன். காற்றை விழுங்கி ஏப்பமாக விட்டுப் பேசச் சொல்லிக் கொடுத்தார்கள், எனக்குக் கைகூடவில்லை. கம்பெனியில் இரக்கப்பட்டு டிப்போவில் டிக்கெட் கட்டு அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். கரண்ட் வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கீரை சாப்பிடுங்கள், பழம் சாப்பிடுங்கள், நெல்லிக்காய்கூட ஒன்று கடியுங்கள். எது வாய்க்குள் போகிறதோ அதை டாக்டரிடம் நீங்களே, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இடையில் எவ்வளவு பிரியமான ஆளாக இருந்தாலும் நிறுத்தி வைக்காதீர்கள்.

பச்சையம்மாள் என்னோடுதான் இருக்கிறாள். அவளை விட்டு எனக்கும் ஆள் இல்லை. இப்போதெல்லாம் எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. குழம்புக்கு என்ன காய் போடலாம், மருந்து இப்போது தரட்டுமா அப்புறம் தரட்டுமா, ஏழுமலை கல்யாணத்துக்கு என்ன செய்யலாம், எல்லாவற்றையும் வந்து கேட்கிறாள். கேட்டுவிட்டுச் சிலேட்டை என் மடியில் வைக்கிறாள். நான் பலப்பத்தை எடுத்து முதல் எழுத்தை எழுதுவதற்குள், “சரின்னுதான சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.